குடத்துக்கு ஆள் வேண்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். கிராமத்துப் பெண்கள் தோட்ட வேலையை விட்டு வேறு சம்பள வேலைக்கு ஏன் போகிறார்கள், ஏன் போகாமல் இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுகிறார்களாம். நல்ல பிள்ளை. வெயிலில் முகம் கன்றிப்போய் வந்து நின்றாள். நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். நான் கம்பெனிக்குப் போகத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றதும், “அதுக்கு முன்னால இத்தனை வருசமா ஏன்க்கா போகல?” என்று கேட்டுவிட்டு, திரையில் இருந்த பதில்களை அவளே ஒவ்வொன்றாக வாசித்தாள். வீட்டில் சம்மதிக்கவில்லை. குழந்தையைப் பார்க்க ஆளில்லை. பாதுகாப்பு இல்லை. படிப்பு போதாது. விருப்பமில்லை.

“தண்ணி” என்றேன்.

“என்னக்கா?”

“தண்ணி பிடிக்கணும். அதான் காரணம்.”

விரலால் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். தண்ணி அதில் இல்லை. “இதர காரணங்கள்னு போட்டுக்கிடவாக்கா?” என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தப் பிள்ளைமேல் இல்லை, அவளுக்கு அந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்தவர்கள்மேல். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணியைக் குடித்துக்கொண்டே எழுதியிருப்பார்கள். விருப்பமில்லை என்று ஒரு வரி போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியவில்லை. அவள் போன பிறகும் கோபம் அடங்கவில்லை. அந்த இதர காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, தேரிச் செம்மணல் மேடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணி. குளிக்கலாம், துணி துவைக்கலாம், சோப்பு நுரைக்காது. குடிக்கவும் உலை வைக்கவும் ஆற்றிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணிதான். வீட்டுக்கு வீடு புதுக் குழாய் கொடுத்தார்கள். பந்தல் போட்டு, மைக் கட்டி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் அந்தக் குழாயில் காற்றுதான் வருகிறது. பழைய தெருக்குழாய் ஒன்று பள்ளத்தில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில்தான் தெருவே பிடிக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை வரும், சில சமயம் ஐந்து நாள் ஆகும். காலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரும். வந்தால் ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றரை.

அந்தக் குழாய்க்குச் சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் போலீஸ் சட்டத்தைவிடக் கறாரானது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கலாம், அதுவரைக்கும் குடம்தான் ஆள். ஆனால் முறை வரும்போது குடத்துக்கு ஆள் வந்து நிற்க வேண்டும். முன் குடம் நிறைவதற்குள் வரவில்லையென்றால் குடத்தை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். ஒருத்தி இன்னொருத்தி வீட்டுக்குப் பிடித்துக் கொடுக்கக் கூடாது, அதில் முன்பு மண்டை உடைந்திருக்கிறது. கேன் வைக்கக் கூடாது, குடம்தான். ஆள் என்றால் பெண் ஆள். இது மட்டும் யாரும் வாயால் சொல்லாத சட்டம். சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை.

நான் முன்பு வேலையே செய்யாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். முருங்கைத் தோட்டத்தில் காய் பறித்திருக்கிறேன். நூறு நாள் வேலையில் ஓடை வெட்டியிருக்கிறேன். அங்கெல்லாம் தண்ணி பிடித்துவிட்டுப் போகலாம். “தண்ணி வந்துட்டு அண்ணாச்சி” என்றால் தோட்டக்காரர் “பிடிச்சுட்டு வா, காய் எங்க ஓடியா போவுது” என்பார். அதனால்தான் எங்கள் ஊரில் அதெல்லாம் பெண்களுக்கு ஏற்ற வேலை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு இருபது வருடம் நான் காய் பறித்ததற்கும் அதுதான் காரணம்.

பிறகு எறால் கம்பெனி வேன் வந்தது. கம்பெனி தூத்துக்குடிக்கு வெளியே இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் காலை ஆறு பத்துக்கு வேன் நிற்கும், இரண்டு நிமிடம்தான். திருச்செந்தூர் வந்து, காயல்பட்டினம் தாண்டி, ஒன்றரை மணி நேர ஓட்டம். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். கவிச்சி வாடை வீட்டுக்குள் வரும் என்றார்கள். டிரைவர் எந்த ஊர்க்காரன் என்று விசாரித்தார்கள். என் வீட்டுக்காரர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அவர் குட்டி யானை வண்டி ஓட்டுகிறார், முருங்கைக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கு மேல்தான் கிளம்புவார். டீக்கடையில் கேட்டவர்களிடம், “நான்தான் அனுப்புதேன்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அந்த ‘அனுப்புதேன்’ எனக்குள் முள்ளாகக் குத்தியது. பார்சலா நான், அனுப்பி வைக்க? அன்றைக்கு அதைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டுதான் வேனில் ஏறினேன்.

வேலை எனக்குப் பிடித்தது. வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ். ஐஸுக்குள் கை கிடந்து விரல் மரத்துப் போகும். முதல் மாதம் எறால் தோடு உரித்தேன். இரண்டாம் மாதம் தரம் பிரிக்கும் மேசையில் நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு கிலோவுக்கு இத்தனை எறால் நிற்கும் என்று அளவு பார்த்துத் தட்டில் தள்ள வேண்டும். நான் கண்ணால் பார்த்தே தள்ளினேன், தராசில் போட்டால் சரியாக நின்றது. என் கை கெட்டிக்காரக் கை என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரியவந்தது. அதற்கு முன் அந்தக் கையை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. அன்று வேனில் திரும்பும்போது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிந்தால் தரம் பிரிக்கும் மேசையில் நிரந்தரம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. ஆனால் மூன்று மாதத்தில் இரண்டு லீவுக்கு மேல் விழக் கூடாது. நான் அந்த இரண்டையும் இரண்டாம் மாதத்துக்குள்ளேயே போட்டுவிட்டேன். இரண்டும் தண்ணிக்காக. மற்ற நாட்களில் ஐந்தரைக்கே தண்ணி வந்து தப்பித்தேன், இல்லையென்றால் நாலு நாள் தண்ணியை ஆறு நாளைக்கு இழுத்தேன். அந்த இரண்டு நாளும் வீட்டில் சொட்டுத் தண்ணி இல்லை, ஆறு மணி வரைக்கும் குழாயிலும் வரவில்லை. சூப்பர்வைசர் என்னைவிடச் சின்னப் பையன். “அக்கா, இனி ஒரு லீவு விழுந்தா பேரை எடுத்துருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல” என்றான். காய்ச்சலா என்று கேட்டதற்குத் தண்ணி என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை.

மேசையில் எனக்கு எதிரில் நிற்கிறவள் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரி. மாதா சுரூபம் கோத்த செயினைக் கழுத்தில் போட்டிருப்பாள், வாய் ஓயாது. “ஏளா, உங்க ஊருல ஆம்பளைக தண்ணி குடிக்க மாட்டாங்களா?” என்றாள்.

“குடிப்பாங்க.”

“பிடிக்கத்தான் மாட்டாங்களோ?”

“உங்க வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்?”

“எங்க ஆளு தங்குகடலுக்குப் போனா வாரம் பூரா தண்ணிமேலதான் கெடப்பாரு. கரைக்கு வந்தா செம்புத் தண்ணி நான்தான் மோந்து குடுக்கணும். ஆனா எங்களுக்குக் குழா வாசல்ல வருது. அதனால நான் லீவு போடல” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கும் எனக்கும் வித்தியாசம் கெட்டிக்காரத்தனம் இல்லை, குழாய் இருக்கும் இடம்தான்.

அன்றைக்கு மாலையே வீட்டுக்காரரிடம் கேட்டேன். “பத்து மணி வரைக்கும் வீட்டுலதான இருக்கிய. குழாய்ல நாலு கொடம் பிடிச்சா என்ன?”

“கேன் வாங்கிட்டு வாரேன். எத்தனை வேணும்னு சொல்லு.”

எங்கள் ஊர் ஆண்கள் தண்ணி சுமக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அது பொய். பைக்கில் இரண்டு பக்கமும் கேன் கட்டி, டவுனிலிருந்து ஜம்மென்று கொண்டுவருவார்கள். விலைக்கு வாங்கிய தண்ணியைச் சுமந்தால் அவன் பொறுப்பான ஆம்பளை. சும்மா வருகிற தண்ணியைக் குடத்தில் பிடித்தால் அவன் பொண்டாட்டிதாசன். அதே தண்ணிதான், அதே எடைதான். நாலு கிலோமீட்டர் போகலாம், நாற்பது அடி நடக்க முடியாது. சமையலுக்கும் சேர்த்துக் கேன் வாங்கினால் நான் எதற்கு வேலைக்குப் போகிறேன் என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. “ஏளா, அந்தக் கடைசி வீட்டு அண்ணாச்சி பட்ட பாட்டை நீ பாக்கலையா? எனக்கும் அது வேணுமா?” என்றார். நான் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. தெருவின் கடைசி வீட்டில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். ஐந்தாறு வருடத்துக்கு முன் அவர் மனைவிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து, பேச்சும் போய்விட்டது. பிள்ளைகள் இல்லை. ஒருநாள் காலையில் அந்த மனிதர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு வந்தார். இடுப்பில் வைக்கத் தெரியாமல், தோளிலும் வைக்க முடியாமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நான்தான் வாயைத் திறந்தேன். “அண்ணாச்சி, தலைக்கு வைக்கப் பூ வாங்கியாரட்டுமா?” என்றேன். குழாயடியே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. குடத்தை நிறைத்துக்கொண்டு போனார். இன்னும் இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் பூப் பேச்சு வந்தது. அப்புறம் அவர் வரவில்லை. வேறு ஏதோ வழி பார்த்துக்கொண்டார் என்று விட்டுவிட்டோம். அதற்கடுத்த வருடம் அந்த அக்கா இறந்துபோனாள்.

வீட்டில் வழியில்லை என்றதும் தண்ணி திறந்துவிடுகிற டேங்க் ஆபரேட்டரிடம் போனேன். “அண்ணாச்சி, சாயங்காலம் திறந்துவிட்டா என்ன? வேலைக்குப் போறவளுக்கும் தோதா இருக்கும்லா.”

“காலையிலதாம்மா பொம்பளைக எல்லாரும் வீட்டுல இருப்பாங்க.”

“தண்ணி வருதுன்னுதான அண்ணாச்சி வீட்டுல இருக்கோம்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதத்தான நானும் சொல்லுதேன்” என்றார். அவர் கிண்டல் பண்ணவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். இவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததில் தாடை வலித்தது.

மூன்றாம் மாதம் நடுவில் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது குடங்கள் நிறைந்து வரிசையாக இருந்தன. அடேயப்பா, மனுசன் மனம் மாறிவிட்டாரா என்று ஒரு நிமிடம் பூரித்துப் போனேன். உள்ளே என் மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள், இடுப்புப் பக்கம் துணி நனைந்து காய்ந்த தடம் இருந்தது. பத்தாம் வகுப்பு. அன்றைக்கு அவளுக்கு அறிவியல் செய்முறைத் தேர்வு. ‘ஒருநாள்தானே, நீ நில்லு’ என்று அப்பா சொல்லியிருக்கிறார். தண்ணி சீக்கிரம் வந்தால் போய்விடலாம் என்று சீருடையைப் போட்டுக்கொண்டே வரிசையில் நின்றிருக்கிறாள். தண்ணி ஏழே முக்காலுக்கு வந்திருக்கிறது. பஸ் போய்விட்டது.

அன்றைக்கு நான் பேசியதை எழுத முடியாது. “நான் வேலைக்குப் போறதுக்கு இவ வீட்டுல நிக்கணும்னா, நாளைக்கு இவ வேலைக்குப் போக யாரு நிப்பா? இவ மவளா?” என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. மறுநாள் டீச்சருக்குப் போன் பண்ணிக் கெஞ்சி, அந்தத் தேர்வை இன்னொரு நாள் எழுத வைத்தேன். அதன்பிறகு வீட்டில் நான் ஒரு சட்டம் போட்டேன். பிள்ளை குடத்தைத் தொடக் கூடாது. தொட்டால் நான் வேலையை விட்டுவிடுவேன், விட்டுவிட்டு உங்களையும் சும்மா விடமாட்டேன்.

சோதனைக் காலம் முடிய நாலு நாள் இருந்தது. எங்கேயோ பெரிய குழாய் உடைந்து ஐந்து நாளாகத் தண்ணி இல்லை. அன்று காலை கட்டாயம் வரும் என்று ஆபரேட்டர் சொல்லியிருந்தார். எழுந்ததும் என் ஆரஞ்சுக் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தேன். மூன்றாவது இடம். குழம்பு வைத்தேன், மகளுக்குத் தலை பின்னினேன், வாசலுக்கும் குழாய்க்குமாக அலைந்தேன். ஐந்தே முக்கால் ஆயிற்று. குழாய் காய்ந்து கிடந்தது. வீட்டில் கடைசி ஒரு செம்புத் தண்ணி இருந்தது, அதை மகளின் பாட்டிலில் ஊற்றினேன்.

வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். “கொடம் மூணாவதா இருக்கு. பிடிச்சா பிடிங்க, பிடிக்காட்டி விடுங்க. நான் போயிட்டு வாரேன்” என்றேன். மகளிடம், “நீ பள்ளிக்கூடம் போற. கொடத்துப் பக்கம் திரும்பக்கூட மாட்ட” என்றேன். விறுவிறுவென்று நடந்தேன். வேனில் ஏறி உட்காரும்போது ஊர்ப் பக்கமிருந்து பெண்கள் கூப்பிடும் சத்தம் கேட்டது. தண்ணி வந்துவிட்டது என்று தெரிந்தது. இறங்கி ஓடலாமா என்று கால் துடித்தது. டிரைவர் கதவைச் சாத்தினான்.

அன்று முழுவதும் தட்டில் எறால் என் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆரஞ்சுக் குடம்தான் தெரிந்தது. இரண்டு தடவை தப்பாகப் பிரித்தேன். திரேஸ்புரத்துக்காரி யாருக்கும் தெரியாமல் சரிபண்ணிக் கொடுத்தாள். “மக்கா, இங்கன நிக்கையில இங்கன நில்லு” என்றாள். அதற்குப் பிறகு லீவு விழாமல் மீதி மூன்று நாளும் வேலைக்குப் போனேன், நிரந்தரம் ஆனேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று மாலை நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

மாலையில் விலக்கிலிருந்து நடந்து வந்தபோது குழாயடியில் யாரும் இல்லை. மின்கம்பத்துக்குப் பக்கத்தில் என் குடம் ஒன்று மட்டும் ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. வீட்டுக்குள் போனேன். மேசைமேல் நீல மூடி போட்ட கேன் இரண்டு இருந்தன. “தண்ணி வாங்கியாச்சு” என்றார்.

“ஓடுற தண்ணியைத் தாண்டிப் போயி தண்ணி வாங்கியிருக்கிய” என்றேன். “நம்ம கொடம் வரிசையில நிக்கி. அதைப் பாத்துக்கிட்டே பைக்கை எடுத்துட்டுப் போயிருக்கிய. உங்களுக்கு வெக்கமா இல்ல?”

“வெக்கமா இருந்துதுனாலதாம் போனேன்” என்றார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் நடந்ததைச் சொன்னாள். என் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் என்னை மைனி என்றும் கூப்பிடுவாள், பொய் சொல்லத் தெரியாதவள். “அண்ணன் வந்தாங்க மைனி. வந்து கம்பத்துக்கிட்ட நின்னாங்க. வரிசை நகர நகர, காலால உங்க கொடத்தை நகத்திக்கிட்டே வந்தாங்க. முறை வந்துட்டு. கொடத்தைக் குனிஞ்சு எடுக்கப் போனாங்க.”

“அப்புறம்?”

“பூ வாங்கியாரட்டுமான்னு யாரோ கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். சும்மா விளையாட்டுக்குத்தான் மைனி. அண்ணன் அப்படியே கொடத்தை விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“நீயும் சிரிச்சியா?”

“சிரிச்சேன்” என்றாள். பிறகு, “அது நீங்க சொல்லிக்குடுத்ததுதான மைனி. ஆம்பளைக யாராச்சும் குழாய்ப் பக்கம் வந்தா இப்ப எல்லாரும் அதைத்தான் சொல்லுவோம்” என்றாள்.

கோபத்துக்கு ஒரு குணம் உண்டு. யார்மேலாவது போய் விழுந்தால்தான் அதற்கு நிம்மதி. மூன்று மாதமாக வீட்டுக்காரர்மேல் விழுந்தது, ஆபரேட்டர்மேல் விழுந்தது, வேன்மேல் விழுந்தது. அன்றைக்கு அது போய் விழ இடமில்லாமல் என்மேலேயே விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் மனுசன் குடத்துக்கு ஆளாக வந்து நின்றிருக்கிறார். விரட்டியது என் வாய். நான் வேனில் போய்க்கொண்டிருந்தேன், என் பேச்சு ஊரில் நின்று என் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன், அடுத்த தண்ணிக்கும் போய் நில்லுங்கள் என்று அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன், தலையாட்டினார். மறுநாள் மாலை கடைசி வீட்டுக்குப் போனேன். அந்த அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சமையலும் அவர்தான். “அண்ணாச்சி, நீங்க குழாய்க்கு வாங்க. இனி யாரும் சிரிக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் வாராரு. ரெண்டு பேரா நின்னா ஒண்ணும் தோணாது” என்றேன்.

“எனக்கு எதுக்கும்மா? நான் தோட்டத்து பம்ப்செட்டுல எடுத்துக்கிடுதேன். பழகிட்டு.”

“அது உப்புத் தண்ணில்லா?”

“ஆமா” என்றார். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவளுக்கும் அதைத்தான் குடுத்தேன். கடைசி ஒரு வருசம். ஒவ்வொரு மடக்குக்கும் மொகத்தைச் சுளிப்பா. பேச்சு வராதுல்லா, அதனால ஒண்ணும் கேக்கல.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும், நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். பூ வாங்கியாரட்டுமா என்று கேட்டது நான் என்று அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை. நினைவில்லாமல் எப்படிப் போகும்? ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டு அவர் எழுந்து உள்ளே போனார். நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த தண்ணி நாள் காலையில் வேனுக்குப் போகும் வழியில் குழாயடியில் நின்றேன். எல்லோரும் இருந்தார்கள். “கடைசி வீட்டு அக்கா சாகுற வரைக்கும் உப்புத் தண்ணி குடிச்சா. நாம சிரிச்சதுனால குடிச்சா. மொதல்ல சிரிக்க வச்சவ நான்தான். இன்னைக்கு எங்க வீட்டு ஆளு வருவாரு. எவளாவது பூவுன்னு ஒரு சொல்லு சொன்னா, சாயங்காலம் வந்து அவ கொடத்தைப் போட்டு மிதிப்பேன்” என்றேன். கத்துவதாக நினைத்து வந்தேன், பாதி அழுகையாக வந்தது. நேரமாகிவிட்டதால் விலக்கு ரோடு வரைக்கும் ஓடினேன்.

மாலையில் வீட்டில் நாலு குடமும் நிறைந்திருந்தன, மேலே தட்டு போட்டு மூடி. வீடெல்லாம் சிந்தியிருந்தது. “யாரும் ஏதும் சொன்னாங்களா?” என்று கேட்டேன். “ஒருத்தரும் பேசவே இல்ல. குழாய்ச் சத்தம் மட்டுந்தான் கேட்டுது. அதுக்குச் சிரிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்” என்றார். மகள் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலில் ஆரஞ்சுக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, உள்ளே ரேடியோ பாடியது. கூப்பிட்டேன், வரவில்லை. குடத்தை வாசற்படியில் வைத்து, தட்டால் மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வாசல் கதவைத் திறந்தபோது குடம் எங்கள் படியில் இருந்தது. தட்டு நான் மூடிய மாதிரியே மூடியிருந்தது. திறந்து பார்த்தேன். தண்ணி கழுத்துவரைக்கும் அப்படியே இருந்தது. அதை உள்ளே எடுத்துக்கொண்டு போகவும் மனம் வரவில்லை, கீழே ஊற்றவும் மனம் வரவில்லை. வேனுக்கு நேரமாகிவிட்டது. தட்டை மூடி, படியிலேயே விட்டுவிட்டுப் போனேன்.